பேஸ்ட்டில் பிளாஸ்டிக் எங்கே? பாலக்காட்டு எல்லையில் ஒரு கிணற்றடிக் கணக்கு

ஆய்வுக்கு எடுத்துக்கொண்டது ஒரு மாதிரி வீடு. பாலக்காடு மாவட்டம் சித்தூர் தாலுகாவில், கொழிஞ்சாம்பாறைக்கும் வேலந்தாவளத்துக்கும் நடுவே எங்கே வேண்டுமானாலும் இருக்கக்கூடியது. (ஆந்திரத்துச் சித்தூரோடு குழப்பிக்கொள்ள வேண்டாம்.) வீட்டில் நாலு பேர். பேச்சு தமிழ், பஞ்சாயத்து நோட்டீஸ் மலையாளம். பல் விளக்குவது கிணற்றடியில், காலையில் ஒரு வேளை. கொப்புளித்துத் துப்பிய தண்ணீர் சின்ன வாய்க்கால் வழியாக வாழை மூட்டுக்குப் போகிறது. கழிப்பறைக்கு மட்டும் செப்டிக் டேங்க் உண்டு. பாதாளச் சாக்கடை கிடையாது, சுத்திகரிப்பு நிலையமும் கிடையாது.

கேள்வி ஒன்றுதான்: பேஸ்ட்டிலிருந்து நுண்பிளாஸ்டிக் வெளியே போகிறது என்கிறார்களே, இந்த வீட்டில் அது எவ்வளவு, எந்த வழியாக, எங்கே போய்ச் சேருகிறது? மேலைநாட்டு ஆய்வுகளின் விடையை அப்படியே இங்கே பொருத்த முடியாது. அவற்றில் பேஸ்ட் தண்ணீர் வாஷ்பேசினில் இறங்கி, குழாய் வழியாக நிலையத்துக்குப் போய், அங்கிருந்து ஆற்றுக்குப் போகிறது. இங்கே அது நேரே மண்ணில் விழுகிறது. முடிவு வேறாக வருவதற்கு இந்த ஒரு வித்தியாசம் போதும்.

நீலத் துகள்கள் வந்ததும் போனதும்

‘நுண்பிளாஸ்டிக்’ என்ற சொல் அறிவியல் உலகில் நிலைத்தது 2004-ல், பிளிமத் பல்கலைக்கழகத்தின் ரிச்சர்ட் தாம்சன் குழு வெளியிட்ட கட்டுரைக்குப் பிறகு. ஆனால் பொருள் அதற்கு முந்தியது. தேய்த்துக் கழுவும் பொருட்களில் பிளாஸ்டிக் மணிகளைப் போடும் யோசனை 1970-களிலேயே காப்புரிமை பெற்றுவிட்டது. முகம் தேய்க்கும் ஸ்க்ரப்பில் அவற்றுக்கு ஒரு வேலை இருந்தது: இறந்த தோலை உரிப்பது. பேஸ்ட்டில் அந்த வேலைகூட இல்லை. பாலிஎத்திலீன் பல்லைவிட மிக மென்மையானது, அழுக்கைச் சுரண்டாது. சுரண்டும் வேலையைச் சுண்ணாம்புத் தூளும் சிலிக்காவும் பார்த்துக்கொள்கின்றன. பேஸ்ட்டில் மணி போட்டது பார்வைக்கு அழகாக இருக்கட்டும் என்றுதான்.

அந்த அழகுதான் 2014-ல் மாட்டிக்கொண்டது. அமெரிக்காவில் பல் சுத்தம் செய்யும் பணியாளர்கள் நோயாளிகளின் ஈறு இடுக்கில் நீலப் புள்ளிகளைக் கண்டார்கள். கிரெஸ்ட் பேஸ்ட்டின் சில வகைகளில் இருந்த பாலிஎத்திலீன் அது. பேஸ்ட் கரைந்து போனது, புள்ளி கரையாமல் ஈறுக்குள் தங்கியது. தீங்குக்குப் போதிய ஆதாரம் இல்லை என்று அமெரிக்கப் பல் மருத்துவச் சங்கம் தன் முத்திரையைத் திரும்பப் பெறவில்லை. ஆனாலும் நிறுவனமே அதை நீக்க ஒப்புக்கொண்டது. 2015 டிசம்பர் 28-ல் அந்த நாட்டில் நுண்மணித் தடைச் சட்டம் கையெழுத்தானது. கழுவி நீக்கும் பொருட்களில் உற்பத்தித் தடை 2017 ஜூலையில் தொடங்கியது. பிரிட்டன் 2018-ல் தடை செய்தது. ஐரோப்பிய ஒன்றியத்தின் விரிவான கட்டுப்பாடு 2023 அக்டோபர் 17 முதல் நடப்பில் இருக்கிறது.

அமெரிக்கச் சட்டத்தில் ஓர் ஓட்டை உண்டு. ‘தேய்க்கவோ சுத்தப்படுத்தவோ’ பயன்படும் திடத் துகளைத்தான் அது தடுக்கிறது. அழகுக்கு மட்டும் போட்ட மினுமினுப்பு அந்த வாசகத்துக்குள் வருமா என்று வக்கீல்கள் வாதாடலாம். ஐரோப்பிய விதி இந்த வாதத்துக்கு இடம் தரவில்லை: கரையாத, மட்காத செயற்கைப் பாலிமர் துகள் என்றாலே கணக்கில் வரும். லிட்டருக்கு 2 கிராமுக்கு மேல் நீரில் கரைவதற்கு விலக்கு.

இந்தியாவில் பற்பசை சட்டப்படி அழகுசாதனப் பொருள். 2017-ல் இந்தியத் தர நிர்ணய அமைப்பான பி.ஐ.எஸ்., அழகுசாதனங்களில் பாதுகாப்பானதாகக் கருதப்படாத மூலப்பொருட்களின் பட்டியலில் (ஐ.எஸ். 4707, பகுதி 2) பிளாஸ்டிக் நுண்மணிகளைச் சேர்த்தது. பிளாஸ்டிக் கழிவு விதிகளின் 2024 திருத்தம் நுண்பிளாஸ்டிக்குக்கு அளவும் சொல்லிவிட்டது: நீரில் கரையாத, 1 முதல் 1,000 மைக்ரான் வரையுள்ள திடத் துகள். உலக ஆய்வுகளில் வழக்கமான வரம்பு 5 மில்லிமீட்டர், அதாவது 5,000 மைக்ரான். இரண்டு அறிக்கைகளின் எண்களை ஒப்பிடும்போது முதலில் இந்த வரம்பைப் பார்க்க வேண்டும். இதைப் பார்க்காமல் ‘அங்கே அதிகம், இங்கே குறைவு’ என்று எழுதுகிறவர்கள் ஏராளம்.

லேபிளில் எதைத் தேடுவது

டியூப்பின் அடியிலுள்ள வண்ணப் பட்டையை முதலில் ஒதுக்கிவிடலாம். பச்சை என்றால் இயற்கை, கறுப்பு என்றால் முழு ரசாயனம் என்று வாட்ஸாப்பில் சுற்றுவது கட்டுக்கதை. டியூப்பை எங்கே வெட்டி ஒட்டுவது என்று எந்திரத்தின் ஒளிக்கண்ணுக்குக் காட்டும் அடையாளம் அது, அவ்வளவுதான்.

மூலப்பொருள் பட்டியலில் தேட வேண்டிய பெயர்கள்: பாலிஎத்திலீன், பாலிபுரோப்பிலீன், நைலான்-12, பாலிமெத்தில் மெத்தாக்ரைலேட், பாலிஎத்திலீன் டெரப்தாலேட். இவற்றில் ஒன்று இருந்தால் சந்தேகம் நியாயமானது.

அதிகம் பேர் சறுக்குவது பாலிஎத்திலீன் கிளைக்காலில். பெயரின் முன்பாதி ஒன்றே என்பதால் ‘பிளாஸ்டிக் இருக்கு’ என்று படம் எடுத்துப் பரப்புகிறார்கள். அது நீரில் முழுக்கக் கரையும் பொருள், பேஸ்ட் காய்ந்துபோகாமல் இருக்கப் போடுவது. துகள் இல்லை, மணி இல்லை. செல்லுலோஸ் கம், சாந்தன் கம், காராஜீனன் ஆகியவை தாவரம், நுண்ணுயிர், கடற்பாசி வழி வந்த கெட்டிப்படுத்திகள். ஹைட்ரேட்டட் சிலிக்கா, கால்சியம் கார்பனேட், டைகால்சியம் பாஸ்பேட் மூன்றும் தாதுத் தூள்கள். ஜெல் பேஸ்ட்டில் மின்னுவது பெரும்பாலும் டைட்டானியம் பூசிய மைக்கா, அதுவும் தாதுவே. குளிர்ச்சிக்காகப் போடும் வண்ணச் சில்லுகள் சில வகைகளில் வாயில் கரையும் செல்லுலோஸ் படலம்.

அப்படியானால் லேபிள் மட்டும் போதுமா? நேர்மையாக அச்சிட்ட லேபிள் என்றால் போதும். சந்தையில் எடைக்கு விற்கும் பெயரில்லாப் பல்பொடிக்கும், பெயரைக் கொஞ்சம் மாற்றி வரும் போலி டியூப்புக்கும் போதாது. அவற்றுக்குச் சோதனைதான் வழி.

மேசைச் சோதனை

பள்ளி ஆய்வகத்தில் செய்யக்கூடியது. தேவை: 1 லிட்டர் கண்ணாடி பீக்கர், 45 மைக்ரான் எஃகுச் சல்லடை, வடிதாள், உப்பு, நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலம் (10 சதவீதம்), ஊசி, மெழுகுவத்தி, 40 மடங்கு பெரிதாக்கும் நுண்ணோக்கி. பிளாஸ்டிக் கரண்டி, பிளாஸ்டிக் கிண்ணம், நைலான் வடிகட்டி எதுவும் கூடாது. நாம் தேடும் பொருளை நாமே கொண்டுபோய்ப் போட்டதாகிவிடும். பாலியஸ்டர் சட்டையையும் மாற்றிவிட்டு, காடாத் துணி மேலங்கி ஒன்றை மாட்டிக்கொள்வது நல்லது.

பேஸ்ட் 5 கிராம் எடுத்து, 50 டிகிரிச் சூட்டில் 200 மி.லி. நீரில் மெதுவாகக் கரைக்க வேண்டும். அடித்துக் கலக்கினால் நுரை கிளம்பும். நுரையின் குமிழ்கள் துகள்களைத் தூக்கிக்கொண்டு பீக்கர் விளிம்பில் ஒட்டவைக்கும். மிதப்பது எடை குறைவாலா, நுரையாலா என்று பிறகு சொல்ல முடியாது. சில சொட்டு ஸ்பிரிட் விட்டால் நுரை அடங்கும்.

அடுத்து அமிலம். பேஸ்ட்டில் சுண்ணாம்புத் தூள் 40 சதவீதம் என்று வைத்தால் 5 கிராமில் 2 கிராம். அதைக் கரைக்க 10 சதவீத அமிலம் 14 மி.லி. அளவு வேண்டும், 20 விட்டால் தாராளம். கிளம்பும் கரியமில வாயு அரை லிட்டருக்குப் பக்கத்தில். அரை லிட்டர் வாயு சோப்பு நீருக்குள் பிறந்தால் என்ன ஆகும் என்பது 250 மி.லி. பீக்கரில் செய்து பார்த்தவர்களுக்குத் தெரியும்: பாதிச் சோதனை மேசையில் வழிந்திருக்கும். 1 லிட்டர் பீக்கரைக் கேட்டது இதற்காகத்தான். அமிலத்தை 2 மி.லி. வீதம் விட்டு, ஒவ்வொரு முறையும் அடங்கக் காத்திருக்க வேண்டும். வீட்டில் வினிகரால் செய்வதென்றால் 100 மி.லி.யாவது வேண்டும், நேரமும் கூடும்.

இப்போது சுண்ணாம்பு போய்விட்டது. மிச்சம் சிலிக்கா, மைக்கா, டைட்டானியம், இருந்தால் பிளாஸ்டிக். சல்லடையில் ஊற்றி வெந்நீரால் அலச வேண்டும். 45 மைக்ரானுக்குக் கீழே இருப்பது கண்ணில் இருந்து தப்பிவிடும், அதை ஒப்புக்கொண்டே மேலே போகிறோம். சிலிக்கா கூழாகி வடிதாளை அடைத்துக்கொள்ளும் என்பதால் நேரடியாக வடிதாளில் ஊற்றுவது வீண் வேலை.

சல்லடையில் நின்றதை நிறைவுற்ற உப்பு நீரில் போடுகிறோம். 100 மி.லி. நீருக்கு 36 கிராம் உப்பு, அடர்த்தி 1.2 வரும். பாலிஎத்திலீன் 0.91 முதல் 0.97, நைலான் 1.01 முதல் 1.14, இரண்டும் மிதக்கும். சிலிக்கா 2-க்கு மேல், மைக்கா 2.8, டைட்டானியம் டையாக்சைடு 4.2, எல்லாம் அடியில். இங்கே ஒரு கண்ணி: கடை உப்பிலேயே நுண்பிளாஸ்டிக் உண்டு. இந்திய உப்பில் இருப்பதை மும்பை ஐ.ஐ.டி. ஆய்வும் காட்டியிருக்கிறது. எனவே உப்பு நீரை முதலில் வடிதாளில் வடித்துவிட்டுத்தான் பயன்படுத்த வேண்டும். பேஸ்ட் இல்லாமல் வெறும் நீரில் இதே படிகளை ஒரு முறை செய்து, அதில் எத்தனை துகள் வருகிறது என்று எண்ணி வைக்க வேண்டும். இந்த வெற்றுச் சோதனை இல்லாத எண்ணிக்கைக்கு மதிப்பில்லை.

எவ்வளவு நேரம் காத்திருப்பது? 100 மைக்ரான் பாலிஎத்திலீன் மணி இந்த உப்பு நீரில் 10 செ.மீ. மேலேறச் சுமார் இரண்டரை நிமிடம். சல்லடை இல்லாமல் 10 மைக்ரான் மணியையும் பிடிப்பதானால் அதைப்போல் நூறு மடங்கு, நாலு மணி நேரம். வேகம் விட்டத்தின் இருமடிப்படி மாறுவதால் இப்படி. ராத்திரி வைத்துவிட்டுக் காலையில் பார்ப்பதே பத்திரம்.

மிதந்ததை எடுத்துப் பார்த்தால் ‘பிளாஸ்டிக் கிடைத்துவிட்டது’ என்று கைதட்டத் தோன்றும். அவசரம் வேண்டாம், மெழுகும் மிதக்கும். கர்னாபா, ஹொஹோபா மெழுகு மணிகள் பிளாஸ்டிக்குக்கு மாற்றாகவே சந்தைக்கு வந்தவை. மிதந்ததை 90 டிகிரி வெந்நீரில் போட வேண்டும். மெழுகு உருகி எண்ணெய்ப் படலமாகும். சாதாரண பாலிஎத்திலீன் 105 டிகிரிக்கு மேல்தான் உருகும் என்பதால் உருவம் மாறாது. பிறகு ஊசியைச் சூடாக்கித் தொட்டால் பிளாஸ்டிக் இளகி இழுபடும், செல்லுலோஸ் கருகும், தாது அசையாது.

மினுமினுப்புக்கு வேறு கண் வேண்டும். பாலியஸ்டர் மினுக்கின் அடர்த்தி 1.38, உப்பு நீரிலும் மூழ்கி, மைக்காவோடு அடியில் கிடக்கும். மிதந்ததை மட்டும் பார்க்கிறவர் இதைத் தவறவிடுவார். நுண்ணோக்கியில் மினுக்கு அறுகோணமாக, அச்சில் வார்த்ததுபோல் ஒரே அளவில் இருக்கும். மைக்கா ஒழுங்கில்லாமல், அடுக்கடுக்காகப் பிளந்திருக்கும். சூடான ஊசி இதையும் தீர்த்துவைக்கும்.

இவ்வளவும் வலுவான சந்தேகம் வரைதான் கொண்டுபோகும். தீர்ப்பு அகச்சிவப்பு நிறமாலையில். பாலிஎத்திலீன் என்றால் 2,915, 2,848 ஆகிய அலை எண்களில் இரட்டைக் கூர்முனை, 1,470-ஐ ஒட்டி ஒன்று, 720-ஐ ஒட்டி ஒன்று. சிலிக்கா 1,100-ஐ ஒட்டி அகலமாக எழும்பும். கழுவாத துகளைக் கொடுத்தால் இந்தச் சிலிக்கா மேடு மற்றவற்றை மூடிவிடும். கருவி இருக்கும் கல்லூரிக்கு மாதிரியை எடுத்துப் போகும்போது கண்ணாடிக் குப்பியில் எடுத்துப் போவது அடிப்படை.

ஓராண்டுக் கணக்கு

மாதிரி வீட்டுக்கு வருவோம். ஆளுக்கு ஒரு கிராம், நாளுக்கு 4 கிராம், ஆண்டுக்கு 1,460 கிராம். 150 கிராம் டியூப் கிட்டத்தட்ட பத்து.

மோசமான நிலையைக் கற்பனை செய்வோம்: பேஸ்ட்டில் எடைக்கு 1 சதவீதம் பிளாஸ்டிக் மணி இருக்கிறது. ஆண்டுக்கு 14.6 கிராம். ஒரு மேசைக்கரண்டி அளவுதான். மணி 300 மைக்ரான் விட்டம் என்றால் ஒன்றின் எடை சுமார் 13 மைக்ரோகிராம். எண்ணிக்கை 11 லட்சம். 100 மைக்ரான் என்றால் ஒன்று அரை மைக்ரோகிராம். எண்ணிக்கை 2 கோடியே 90 லட்சம். எடை மாறவில்லை, தலைப்புச் செய்தி மாறிவிட்டது. ‘ஒரு முறை பயன்படுத்தினால் இத்தனை ஆயிரம் துகள்’ என்ற எண்களைப் படிக்கும்போது இதை மனதில் வைக்க வேண்டும். 2015-ல் தாம்சனும் நேப்பரும் முக ஸ்க்ரப்பில் ஒரு பயன்பாட்டுக்கு 4,594 முதல் 94,500 வரை என்று கணக்கிட்டார்கள். இருபது மடங்கு இடைவெளி வரத் துகளின் அளவு ஒரு முக்கியக் காரணம்.

இப்போது அதே வீட்டின் மற்ற கணக்கு. காலி டியூப் மூடியோடு 10 கிராம் என்று வைத்தால் பத்து டியூப்புக்கு 100 கிராம். பிரஷ் ஒன்று 15 கிராம். மூன்று மாதத்துக்கு ஒன்று மாற்றினால் நாலு பேருக்கு ஆண்டுக்கு 240 கிராம். ஆக, மணி போட்ட பேஸ்ட்டே ஆனாலும் டியூப்பும் பிரஷ்ஷும் சேர்ந்து அதைப்போல் இருபது மடங்குக்கு மேல். மணி இல்லாத இன்றைய பேஸ்ட்டில் டியூப்பும் பிரஷ்ஷும் மட்டுமே கணக்கு.

உலக அளவிலும் இதே தொனிதான். 2017-ல் பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியத்தின் (ஐ.யூ.சி.என்.) மதிப்பீட்டில், நேராக நுண்துகளாகவே கடலுக்குப் போகும் பிளாஸ்டிக்கில் செயற்கைத் துணி 35 சதவீதம், டயர் தேய்மானம் 28 சதவீதம். தனிநபர் சுத்தப் பொருட்கள் மொத்தமும் 2 சதவீதம். வேலந்தாவளம் செக்போஸ்ட்டைத் தாண்டும் லாரி டயர்களோடு ஒப்பிட்டால் நம் பேஸ்ட் சாது. ஆனால் டயரை நிறுத்த முடியாது, பேஸ்ட்டில் மணியைப் போடாமல் இருக்க முடியும். அதனால்தான் உலகம் முதலில் இதைத் தடை செய்தது. தீங்கின் வரிசைப்படி அல்ல, எளிமையின் வரிசைப்படி.

துப்பிய இடம்

கேரளத்தில் கரிசல் மண் இருப்பது சித்தூர் தாலுகாவின் கிழக்கே மட்டும்தான். பாலக்காட்டுக் கணவாய்க் காற்று வீசும் இந்த வறண்ட பக்கத்தில் கோடையில் கரிசல் பிளக்கும். பிளவு திறந்திருக்கும்போது மேலே கிடக்கும் துகள் முதல் மழையோடு ஆழத்துக்கு நேரே இறங்கிவிடும். மண் வடிகட்டும் என்ற நம்பிக்கை அங்கே செல்லாது. ஆனால் வாழை மூட்டு அப்படியல்ல. அது தினமும் ஈரம், பிளவு விடாது. 100 மைக்ரான் மணி களிமண் துளைக்குள் நுழைய முடியாமல் மேல் சில சென்டிமீட்டரில் நின்றுவிடும். பிறகு அதைக் கீழே இழுப்பது மண்புழு. பாலிஎத்திலீன் துகளை மண்புழு தன் வளைக்குள் கொண்டுபோவதை ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. கொத்துகிற மண்வெட்டியும் அதே வேலையைச் செய்கிறது.

பாலிஎத்திலீன் மிதக்கும் என்பதால் இடவப்பாதி (தென்மேற்குப் பருவ) மழையில் முற்றம் நிறைந்து வழியும்போது முதலில் கிளம்புவதும் அதுதான். முற்றத்திலிருந்து வாய்க்கால், வாய்க்காலிலிருந்து சித்தூர்ப் புழை (ஆறு). பரம்பிக்குளம்–ஆழியாறு ஒப்பந்தப்படி ஆண்டுக்கு 7.25 டி.எம்.சி. தண்ணீர் மணக்கடவு தாண்டி இங்கே வருகிறது. மூலத்தறை ரெகுலேட்டரில் பிரிந்து கால்வாய்களில் ஓடுகிறது. எல்லைக்கு மேற்கே பறளியில் புழை பாரதப்புழையாகி, பொன்னானியில் கடலைத் தொடுகிறது. வழியெங்கும் துகள் மிதந்துகொண்டே போவதில்லை. பாசியும் நுண்ணுயிரும் ஒட்டி எடை கூடியதும் அமிழ்ந்துவிடும். ரெகுலேட்டருக்கு மேலே தேங்கும் வண்டல் அதற்கு ஏற்ற இடம்.

பல் விளக்குவதைக் குளியலறைக்கு மாற்றி, அந்தக் குழாயையும் செப்டிக் டேங்க்கில் விட்ட வீடுகளில் பாதை வேறு. 100 மைக்ரான் மணி நீரில் ஒரு மீட்டர் மேலேற ஒரு மணி நேரம். டேங்க்கில் அதற்கு நேரம் தாராளம். மேலே மிதக்கும் ஏட்டில் சேர்ந்துகொண்டு, சில ஆண்டுக்கு ஒரு முறை வரும் உறிஞ்சு லாரியில் ஏறும். அந்தச் சேறு எங்கே கொட்டப்படுகிறது என்பதுதான் மிச்சக் கேள்வி. நகரத்துச் சுத்திகரிப்பு நிலையமும் துகளை அழிப்பதில்லை. 90 சதவீதத்துக்கு மேல் பிடித்துச் சேற்றில் சேர்க்கிறது, அவ்வளவே. சேறு உரமானால் துகள் வயலுக்குத் திரும்பும். ‘உரம்’ என்று வரும் சேற்றைச் சந்தேகிக்க இந்தத் தாலுகாவுக்குக் காரணம் உண்டு. பிளாச்சிமடைக் குளிர்பான ஆலையின் கழிவுச் சேறு அப்படித்தான் விவசாயிகள் கைக்குப் போனது. அதில் காட்மியமும் ஈயமும் இருந்தது 2003-ல் வெளியே வந்தது.

விழுங்கினால்? 150 மைக்ரானுக்கு மேற்பட்ட துகள் குடல் சுவரைத் தாண்டாமல் மலத்தோடு போய்விடும் என்பது 2016-ல் ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் கருத்து. பேஸ்ட்டை விழுங்கும் குழந்தை விஷயத்தில் இந்த வட்டாரத்துக்கு வேறு கவலை முந்தி நிற்கிறது. சித்தூரின் கிழக்குப் பகுதி கேரளத்தில் ஃபுளோரைடு அதிகமுள்ள நிலத்தடி நீருக்குப் பெயர் போனது. லிட்டருக்கு 1.5 மி.கி. ஃபுளோரைடுள்ள ஆழ்குழாய் நீரை ஒரு லிட்டர் குடிக்கும் குழந்தை 1.5 மி.கி. உள்ளே கொள்கிறது. இந்தியப் பேஸ்ட்டின் உச்ச வரம்பு 1,000 பி.பி.எம்., அதாவது கிராமுக்கு 1 மி.கி. பட்டாணி அளவு, அதாவது கால் கிராம், முழுவதையும் விழுங்கினால் அதில் 0.25 மி.கி. ஒரு கிராம் பட்டையாக வைத்து விழுங்கினால் இன்னொரு 1 மி.கி. மூன்று வயதுக்குள் அரிசி அளவு, ஆறு வயது வரை பட்டாணி அளவு என்ற வரம்பு இங்கே கட்டாயம் மாதிரி.

உமிக்கரி மாற்றாகுமா

நெல் விளையும் ஊர். உமிக்கரி என்றவுடன் தாத்தா காலத்து வெள்ளைப் பல் ஞாபகம் வரும். பிளாஸ்டிக் கணக்கில் அதற்கு முழு மதிப்பெண், சந்தேகமில்லை. ஆனால் உமியில் ஐந்தில் ஒரு பங்கு போலச் சிலிக்கா. பேஸ்ட்டில் அதே சிலிக்கா அளந்து அரைத்துப் போட்டது. உமிக்கரியில் அம்மியின் மனம் போனபடி. கறுப்பாகக் கரியும்போதே நிறுத்தி, மெல்லிய வேட்டித் துணியில் சலித்தால் ஓரளவு பரவாயில்லை. வெள்ளைச் சாம்பலாகும் வரை கடும் சூட்டில் எரித்தால் சிலிக்கா படிகமாகி இன்னும் கடினமாகும், தூளை மூச்சில் இழுப்பதும் கெடுதல். தினமும் அழுத்தித் தேய்த்தால் ஈறோரத்தில் பள்ளம் விழும். ஃபுளோரைடு கிடையாது, மேலே சொன்ன ஆழ்குழாய் நீர் குடிக்கிறவருக்கு அது குறையா நிறையா என்பதைப் பல் மருத்துவரிடம் கேட்பதே சரி.

டியூப்பும் தூவியும்

டியூப் சுவர் சுமார் கால் மில்லிமீட்டர் தடிமன். பெரும்பாலும் உள்ளும் புறமும் பாலிஎத்திலீன், நடுவே அலுமினியத் தாள். இந்த ஒட்டுக் கலவைதான் தொல்லை: பழைய இரும்புக் கடைக்காரர் அலுமினியம் என்றும் எடுக்கமாட்டார், பிளாஸ்டிக் என்றும் எடுக்கமாட்டார். அண்மையில் முழுக்கப் பாலிஎத்திலீனாலான டியூப்களும் வருகின்றன. வெட்டிய விளிம்பில் வெள்ளி நிறக் கோடு இல்லையென்றால் அந்த வகையாக இருக்கலாம். அப்போதும் தனியாகப் பிரித்து வாங்க ஆள் வேண்டுமே.

வேலிப் பக்கம் வீசினால் வெயிலில் பாலிஎத்திலீன் நொறுங்கி மண்ணில் துகளாகும். சருகோடு கொளுத்தினால் பாதி எரிந்து பாதி உருகி, அலுமினியச் சுருளில் ஒட்டிய கறுப்புக் கட்டியாக மிஞ்சும்; அதை மறுநாள் தென்னந்தடத்தில் கொட்டுவது வழக்கம். பேஸ்ட்டில் பிளாஸ்டிக்கைத் தேடி அலையும் இந்த வீடு மண்ணில் சேர்க்கும் உண்மையான நுண்பிளாஸ்டிக் இதுதான்.

எல்லைக்கு இப்புறம், கேரளத்தில், மக்காத குப்பை சேகரிக்கும் ஹரித கர்ம சேனை மாதம் ஒரு முறை வாசலுக்கு வந்து வாங்கிக்கொள்கிறது. கிராமப் பஞ்சாயத்தில் கட்டணம் 50 ரூபாய். நிபந்தனை: கழுவிக் காய்ந்திருக்க வேண்டும். டியூப்பை அப்படியே கொடுத்தால் உள்ளே ஒட்டிய பேஸ்ட் மற்றப் பிளாஸ்டிக்கையும் பிசுபிசுப்பாக்கும். கத்தரியால் தோள்ப் பகுதிக்குக் கீழே குறுக்கே வெட்டி, நீளவாக்கில் பிளந்து, உள்ளே மிஞ்சியதை இரண்டு நாள் பல் விளக்கப் பயன்படுத்தி, பிறகு அலசித் தட்டையாகக் காயவைக்க வேண்டும். மூடி தனி, அது பெரும்பாலும் பாலிபுரோப்பிலீன், தனியே சேர்த்தால் விலை உண்டு. கோபாலபுரம் தாண்டித் தமிழ்நாட்டுப் பக்கம் தூய்மைக் காவலர் வண்டியில் மக்காத குப்பைப் பெட்டியில் போட வேண்டும். இரு மாநிலங்களின் ஒருமுறைப் பிளாஸ்டிக் தடையும் (தமிழ்நாடு 2019 ஜனவரி, கேரளம் 2020 ஜனவரி) பேஸ்ட் டியூப்பைத் தொடவில்லை.

பிரஷ்ஷின் தூவி நைலான், 0.15 முதல் 0.2 மி.மீ. தடிமன். தேயும்போது முனை சிதறிக் கொப்புளித்த நீரோடு போகிறது. எவ்வளவு என்று எடை போட்டுப் பார்க்க நினைப்பவர்கள் விழும் குழி ஒன்று உண்டு: எல்லாத் தூவிகளும் சேர்ந்து ஒரு கிராமுக்குள்தான், நைலான் வகையைப் பொறுத்துத் தன் எடையில் 3 சதவீதம் முதல் 9 சதவீதம் வரை நீரைக் குடிக்கும். ஈர பிரஷ்ஷை எடை போட்டால் தேய்மானம் தெரியாது, சில சமயம் எடை கூடியதாகக்கூடக் காட்டும். சிலிக்கா ஜெல் போட்ட மூடிய கண்ணாடிக் குடுவையில் எடை நிலைக்கும் வரை உலர்த்தி, 0.1 மி.கி. தராசில் பார்த்தால்தான் எண்ணுக்கு அர்த்தம். அழுத்தித் தேய்ப்பவரின் பிரஷ் ஒரே மாதத்தில் பூவாக விரியும். மென்மையான தூவி, லேசான கை, இரண்டும் பல்லுக்கும் மண்ணுக்கும் ஒரே செலவில் கிடைக்கும் லாபம்.

இந்த மண்ணில் அளக்க விரும்புவோருக்கு

துப்பும் இடத்தில் ஒன்று, குப்பை கொளுத்தும் இடத்தில் ஒன்று, இரண்டிலிருந்தும் விலகிய தோப்பு மூலையில் ஒன்று என மூன்று மாதிரிகளாவது வேண்டும். எஃகுக் கொத்துக்கரண்டியால் மேல் 5 செ.மீ. மண்ணை எடுத்து, 60 டிகிரிக்கு மிகாமல் உலர்த்தி, 100 கிராம் நிறுக்க வேண்டும். கரிசல் களி உப்பு நீரில் கட்டிகட்டியாகச் சேர்ந்து துகளை உள்ளே பொத்திக்கொள்ளும். அதனால் முதலில் சோடியம் ஹெக்சாமெட்டாபாஸ்பேட் கரைசலில் ஓர் இரவு ஊறவைத்துக் களியைப் பிரிக்க வேண்டும். மண் பரிசோதனை ஆய்வகங்களில் இது சாதாரணமாகக் கிடைக்கும். பிறகு உப்பு நீர் மிதப்பு மூன்று முறை.

மிதப்பதில் பாதி வேர்த் துணுக்கும் சருகும். அவற்றை அழிக்க 30 சதவீத ஹைட்ரஜன் பெராக்சைடு 20 மி.லி., இரும்புச் சல்பேட் கரைசல் 20 மி.லி., 75 டிகிரிச் சூடு. இந்தக் கலவை திடீரென்று பொங்கும்; கையுறை, கண்ணாடி, பக்கத்தில் குளிர்நீர் பாத்திரம் மூன்றும் இல்லாமல் தொடக் கூடாது, மாணவர்களிடம் தனியே விடவும் கூடாது. பொங்கும்போது சூட்டைவிட்டு இறக்கி, வடித்த நீர் கொஞ்சம் ஊற்றினால் அடங்கும். அடுப்புக் கரித்துண்டு இதிலும் கரையாது, கறுப்புப் பிளாஸ்டிக் போலவே கண்ணுக்குத் தெரியும். ஊசியால் அழுத்தினால் கரி பொடியாகும், பிளாஸ்டிக் வளையும். கொளுத்தும் இடத்து மாதிரியில் இந்த ஒரு சோதனையை ஒவ்வொரு துகளுக்கும் செய்தாக வேண்டும். வெற்றுச் சோதனையில் வந்த எண்ணிக்கையைக் கழித்துவிட்டு, இத்தனை மைக்ரானுக்கு மேல் மட்டும் எண்ணியது என்று பக்கத்திலேயே எழுதிவைக்க வேண்டும்.